அராஷியாமாவில் இலை சிவக்கும் காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியோட்டோ நகரின் மேற்கு ஓரத்தில், சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடம் அராஷியாமா. ஓர் ஆறு, அதன் குறுக்கே தொகெட்சுக்யோ என்ற நீண்ட பாலம், பாலத்துக்குப் பின்னால் மரம் அடர்ந்த மலைச்சரிவு, வடக்கே அடிவாரம் நெடுகச் சிறிதும் பெரிதுமாகப் பௌத்தக் கோயில்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரச குடும்பத்தினர் இலை பார்க்க வந்து படகு விட்ட ஊர் இது. இப்போது நவம்பர் வந்தால் உலகமே வருகிறது. அங்கே போகத் திட்டமிடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கட்டணங்களும் திறக்கும் நேரங்களும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இலை எப்போது சிவக்கும்?

நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை. கார்த்திகை பிறந்த முதல் இருபது நாள் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

இலையுதிர்காலம் என்றதும் பலர் அக்டோபரில் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அக்டோபரில் கியோட்டோவின் மேப்பிள் மரங்கள் பச்சையாகத்தான் நிற்கும். ஜப்பானில் இந்த நிறமாற்றம் வடக்கே ஹொக்கைடோவின் தைசெட்சுசான் மலைகளில் செப்டம்பரிலேயே தொடங்கி, மெல்லத் தெற்கு நோக்கியும் மலையிலிருந்து சமவெளி நோக்கியும் இறங்கி வருகிறது. கியோட்டோவுக்கு வந்து சேர இரண்டு மாதம் ஆகிவிடும்.

ஆண்டுக்கு ஆண்டு தேதி ஏன் மாறுகிறது?

குளிர்தான் காரணம். இரவு வெப்பநிலை 8 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் மரம் இலையிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொள்ள ஆயத்தமாகிறது. காம்பின் அடியில் ஒரு தடுப்பு அடுக்கு உருவாகிறது. பச்சையம் சிதைகிறது. ஜின்கோ போன்ற மரங்களில், இலைக்குள் ஏற்கெனவே இருந்த கரோட்டினாய்டு நிறமி அப்போது வெளியே தெரிந்து இலை மஞ்சளாகிறது. மேப்பிளில் நடப்பது வேறு. இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி புதிதாக உண்டாகிறது. அதற்கு வெயில் வேண்டும். அதனால்தான் பகலில் நல்ல வெயிலும் இரவில் சட்டென்று குளிரும் சேர்ந்த ஆண்டில் சிவப்பு அடர்த்தியாக இருக்கிறது. ஒரே மரத்தில் வெயில் படும் உச்சிக்கிளை சிவந்தும் உள்கிளை மஞ்சளாகவும் நிற்பதும் இதனால்தான்.

ஜப்பான் வானிலை நிறுவனம் 1953 முதல் மேப்பிள் சிவக்கும் நாளை நாடு முழுக்கக் குறித்து வருகிறது. அந்தக் குறிப்புகளின்படி அந்த நாள் தொடர்ந்து பின்னால் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட பயணக்குறிப்பில் "நவம்பர் நடுவில் உச்சம்" என்று இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

உச்ச நாளைத் துல்லியமாகப் பிடிப்பது எப்படி?

பிடிக்க முடியாது, பிடிக்கவும் வேண்டியதில்லை. ஜப்பானிய வானிலைத் தளங்கள் அக்டோபர் முதல் கோயில் கோயிலாக நிலவரம் போடும். "இரோசுகி ஹஜிமே" என்றால் நிறம் மாறத் தொடங்கியிருக்கிறது, "மிகோரோ" என்றால் பார்க்க ஏற்ற தருணம், "சிரி ஹஜிமே" என்றால் உதிரத் தொடங்கிவிட்டது. பலரும் "மிகோரோ"வை மட்டும் துரத்துகிறார்கள்.

அராஷியாமா ஒரே நாளில் சிவந்து ஒரே நாளில் உதிரும் ஊர் அல்ல. மலைச்சரிவில் உள்ள காட்டுச் செர்ரி மரங்கள் முதலில் செம்பழுப்பாகும். பிறகு கோயில் தோட்டங்களின் மேப்பிள். நிழலில் நிற்கும் மரங்கள் கடைசி. நீங்கள் எந்த நாள் போனாலும் ஏதோ ஒரு மூலையில் அன்றுதான் உச்சமாக இருக்கும். என்னைக் கேட்டால் "சிரி ஹஜிமே" போட்ட பிறகு, நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ போவதே மேல். மரத்தில் பாதி இலை, பாசியின்மேல் பாதி இலை. கூட்டமும் குறைந்திருக்கும்.

தேதி தவறிவிட்டால்?

சீக்கிரம் போய்விட்டால் வடமேற்கே தகாவோ மலைக்குப் போங்கள். ஜிங்கோஜி, சைம்யோஜி, கோசான்ஜி என்று மூன்று கோயில்கள். உயரமான இடம் என்பதால் கியோட்டோவிலேயே முதலில் சிவக்கும் பகுதிகளில் ஒன்று. கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போகலாம். தாமதமாகப் போனால் நகருக்குள் ஷிமோகாமோ ஆலயத்தைச் சுற்றியுள்ள தடாசு நோ மோரி என்ற காடு இருக்கிறது. அங்கே டிசம்பர் முதல் பாதியிலும் நிறம் இருக்கும்.

எந்த நாளைத் தவிர்க்க வேண்டும்?

நவம்பர் 23 ஜப்பானில் தேசிய விடுமுறை, உழைப்புக்கு நன்றி சொல்லும் நாள். அதை ஒட்டிய வார இறுதியில் அராஷியாமா பக்கமே தலைவைக்காதீர்கள். செவ்வாய், புதன், வியாழன் நல்லது.

கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து எப்படிப் போவது?

ஜேஆர் ரயில். சாகானோ லைன் என்ற பெயரில் ஓடும் சான்இன் வழித்தட ரயிலில் சாகா-அராஷியாமா ஸ்டேஷனுக்குப் பதினைந்து பதினாறு நிமிடம். பிளாட்பாரம் 31 முதல் 33 வரை. கியோட்டோ ஸ்டேஷனின் மேற்குக் கோடியில் இருக்கிறது. மையக் கூடத்திலிருந்து நடக்க ஐந்து நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஒசாகா பக்கமிருந்து வருகிறவர்கள் ஹான்க்யூ ரயிலில் கட்சுராவில் மாறி வந்தால் ஆற்றின் தென்கரையில் இறங்கலாம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து சற்று நடந்தால் பாலமும் மலையும் எதிரே நிற்கும். அறிமுகத்துக்கு இதுதான் அழகான வழி. மூன்றாவது வழி ராண்டென். 1910இல் தொடங்கிய டிராம், ஷிஜோ-ஓமியாவிலிருந்து ஒற்றைப் பெட்டியாக வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு வரும். அவசரமில்லாதவர்களுக்கு ஏற்றது.

பஸ்ஸை மட்டும் விட்டுவிடுங்கள். சீசனில் பாலத்தை ஒட்டிய சாலையில் பஸ் நகராது. இக்கோகா போன்ற, முன்பணம் ஏற்றிய ஐசி கார்டு ஒன்று கையில் இருந்தால் மூன்று ரயில்களுக்கும் அதுவே போதும்.

எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்?

காலை எட்டு மணிக்கு முன். நவம்பர் கடைசியில் கியோட்டோவில் சூரியன் காலை 6:40 வாக்கில் உதித்து மாலை 4:45 வாக்கில் மறைகிறது. பகல் குட்டை. பெரும்பாலான கோயில்கள் மாலை நான்கரை, ஐந்துக்கு மூடிவிடும். நுழைவு அதற்கும் முன்பே நின்றுவிடும். பத்தரைக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் பஸ் பஸ்ஸாக இறங்கும்.

வெளிச்சத்துக்காகவும் காலைதான் சரி. பாலத்துக்குத் தென்மேற்கே மலை நிற்கிறது. காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் போவதால் சரிவு முழுக்க நிழலாகிவிடும். மாலை நான்கு மணிக்கு வந்துவிட்டு "போட்டோவில் பார்த்த மாதிரி இல்லையே" என்கிறவர்கள் இதைக் கவனிக்காதவர்கள்.

தொகெட்சுக்யோ பாலத்திலிருந்து மலை முழுக்கச் சிவப்பாகத் தெரியுமா?

தெரியாது. விளம்பரப் படங்களின் நிறத்தைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். அந்தச் சரிவில் பைன், சீடார் போன்ற பசுமை மாறா மரங்களும் ஏராளம். பச்சைக்கு நடுவே செம்பழுப்பு, மஞ்சள், அங்கங்கே சிவப்பு என்று திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கமெயாமா பேரரசர், செர்ரிக்குப் பெயர்போன யோஷினோ மலையிலிருந்து செர்ரி மரங்களை இங்கே கொண்டுவந்து வைத்தார் என்பது வழக்கு. அதனால் வசந்தத்திலும் இதே சரிவுக்குக் கூட்டம் வரும்.

பாலம் 155 மீட்டர் நீளம். பார்க்க மரப்பாலம் மாதிரி இருந்தாலும் மரத்தாலானது கைப்பிடிச் சுவர்தான். 1934இல் கட்டிய இன்றைய அமைப்பின் தாங்குபகுதி கான்கிரீட். மேலே கார்களும் பஸ்களும் போகின்றன. நடுவில் நின்று படம் எடுப்பதைவிட, பாலத்துக்குச் சற்று மேலே ஆற்றங்கரையில் நின்று பார்ப்பது நிம்மதி.

டென்ரியூஜி பார்க்க வேண்டுமா, கூட்டமாக இருக்குமே?

கட்டாயம் பார்க்க வேண்டும், முதல் ஆளாக. தோட்டம் வழக்கமாகக் காலை எட்டரைக்குத் திறக்கும். இலை சீசனில் ஏழரைக்கே திறந்த ஆண்டுகள் உண்டு.

இந்த ஜென் மடத்தை 1339இல் நிறுவியவர் அஷிகாகா தகாஉஜி. கதை சுவையானது. கோ-டாய்கோ பேரரசரோடு முதலில் தோள்கொடுத்து நின்று, பிறகு அவரையே எதிர்த்துத் தனி ஆட்சி அமைத்த படைத்தலைவர் இவர். பேரரசர் இறந்ததும் அவருடைய ஆன்மா சாந்தியடைய ஒரு மடம் கட்டினார். பக்தியா, பயமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கட்டப் பணம் போதாமல் சீனாவுக்கு வணிகக் கப்பல் அனுப்பி, அந்த லாபத்தில் வேலையை முடித்தார்கள்.

முதல் மடாதிபதி முசோ சொசெகி. சொகென்சி என்ற குளமும் அதைச் சுற்றிய தோட்டமும் அவர் அமைத்தவை. மடத்துக் கட்டடங்கள் பலமுறை தீக்கிரையாகி, இன்று நிற்பவற்றில் பெரும்பாலானவை மெய்ஜி காலத்தில் (1868-1912) எழுந்தவை. குளத்தின் அமைப்பு மட்டும் பதினான்காம் நூற்றாண்டிலிருந்து பெரிதும் மாறவில்லை. தோட்டத்துக்கு அப்பால் உள்ள மலையையே தோட்டத்தின் பின்சுவராக ஆக்கிக்கொண்ட வேலைப்பாடு அது: முன்னே நீர், நடுவே மேப்பிள், பின்னே அராஷியாமா மலை. குளத்தின் அக்கரையில் செங்குத்தான பாறைகளை நிறுத்தி ஒரு அருவியின் சாயல் கொடுத்திருக்கிறார்கள். அருவியேறும் கெண்டை மீன் டிராகனாகிவிடும் என்ற சீனக் கதை அந்தப் பாறைகளில் இருக்கிறது. மேப்பிளைப் பார்க்கும் வேகத்தில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. 1994இல் பழைய கியோட்டோவின் நினைவுச்சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது இதுவும் அவற்றில் ஒன்று.

டிக்கெட் எடுக்கும்போது ஒரு குழப்பம் வரும். தோட்டத்துக்கு ஒரு கட்டணம், கட்டடத்துக்குள் போக மேல்கட்டணம், டிராகன் ஓவியம் உள்ள தர்ம மண்டபத்துக்குத் தனிக் கட்டணம். இலைக்காகப் போகிறவருக்குத் தோட்ட டிக்கெட் போதும். எதிரிலேயே ஹோகொன்-இன் என்ற துணை மடம் இருக்கிறது. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் மட்டுமே திறக்கும். மேப்பிள் சுரங்கத்துக்குள் நடப்பதுபோன்ற நெருக்கம் வேண்டுமென்றால் அங்கேதான்.

மூங்கில் தோப்பு?

மூங்கில் சிவக்காது. இருந்தாலும் டென்ரியூஜியின் வடக்கு வாசல் நேராக அங்கேதான் விடுகிறது, ஆகவே எப்படியும் நடப்பீர்கள். கட்டணம் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. சில நூறு மீட்டர்தான். காலை ஏழு மணிக்கு மூங்கில்கள் உரசும் சத்தம் கேட்கும்; பதினொரு மணிக்கு மனிதச் சத்தம் மட்டும். மூங்கிலில் பெயர் செதுக்குவது அங்கே பெரிய தலைவலியாகிவிட்டது. நம் ஊர்ப் பாறைகளில் செய்வதை அங்கே போய்ச் செய்ய வேண்டாம்.

தோப்பின் மேல்முனையில் ஒகோச்சி சான்சோ என்ற தனியார் மாளிகைத் தோட்டம் இருக்கிறது. வாள்வீரன் வேடங்களில் புகழ்பெற்ற பழைய திரைப்பட நடிகர் ஒகோச்சி டென்ஜிரோ முப்பது ஆண்டுகள் தன் சம்பாத்தியத்தைக் கொட்டி உருவாக்கியது. கட்டணம் மற்ற இடங்களைவிட அதிகம், சுமார் 1,000 யென். அதில் மாச்சா தேநீரும் ஓர் இனிப்பும் அடக்கம். அந்தக் கட்டணமே கூட்டத்தை வடிகட்டிவிடுகிறது. மேலே ஏறினால் ஒரு பக்கம் ஆற்றுப் பள்ளத்தாக்கு, மறுபக்கம் கியோட்டோ நகரம். கொடுக்கும் காசு வீண்போகாது.

கூட்டத்திலிருந்து தப்பிக்க வழி உண்டா?

உண்டு: வடக்கே நடந்துகொண்டே இருப்பது. பாலம், டென்ரியூஜி, மூங்கில் தோப்பு, இந்த மூன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். உண்மையான இலையுதிர்காலம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது. மூங்கில் தோப்பிலிருந்து ஒகுரா மலையின் அடிவாரமாக வடக்கே ஒதாகி வரை இரண்டரை, மூன்று கிலோமீட்டர். நின்று நின்று போனால் அரை நாள்.

முதலில் வருவது ஜோஜக்கோஜி. 1596இல் தோன்றிய, நிச்சிரென் என்ற பௌத்த மரபைச் சேர்ந்த கோயில். சுற்றுச்சுவர் கிடையாது, மலைச்சரிவே கோயில். கூரை வேய்ந்த வாயிலைத் தாண்டினால் கல்படிகள், இருபுறமும் பாசி, தலைக்குமேல் மேப்பிள். ஏறி முடித்தால் 1620இல் கட்டிய இரண்டடுக்கு தாஹோதோ கோபுரம், அதற்கும் மேலே நகரக் காட்சி. அராஷியாமாவில் ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் என்றால், டென்ரியூஜியை விட்டுவிட்டு இங்கே வரச் சொல்வேன். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞர் ஃபுஜிவாரா நோ தெய்க்கா நூறு கவிஞர்களின் நூறு பாடல்களைத் தொகுத்த வீடு இந்த ஒகுரா அடிவாரத்தில்தான் இருந்தது. அந்த வீடு நின்ற இடம் எங்கள் வளாகத்தில்தான் என்று இங்குள்ள கோயில்கள் ஒன்றுக்கொன்று போட்டி போடும்.

அடுத்து ரகுஷிஷா, ஹைக்கூ கவிஞர் பாஷோவின் சீடர் முகாய் கியோராய் வாழ்ந்த குடிசை. 1691இல் பாஷோ இங்கே தங்கி நாட்குறிப்பு எழுதினார். சிறிய இடம், தாண்டிப் போனாலும் குற்றமில்லை. பிறகு நிசோன்-இன். அதன் வாயிலிலிருந்து உள்ளே போகும் அகன்ற சாய்வுப்பாதையின் இருபுறமும் மேப்பிள் மரங்கள். படிக்கட்டு ஏற முடியாதவர்களும் இலைக்கூரையின் கீழ் நடக்கலாம்.

அதற்கும் மேலே, ஒரு சந்தின் முனையில், கியோஜி. மிகச் சிறிய ஆசிரமம். டைரா நோ கியோமோரி என்ற அதிகாரம் மிக்க பிரபுவின் அன்புக்குரியவளாக இருந்த நடனக்காரி கியோ, வேறொரு நடனக்காரி வந்ததும் தள்ளிவைக்கப்பட்டாள். இருபத்தொரு வயதில் தலைமுடி களைந்து, தாயோடும் தங்கையோடும் இங்கே வந்து துறவியானாள் என்பது கதை. கொஞ்ச காலத்தில் அவளுடைய இடத்தைப் பிடித்த அந்த இன்னொரு பெண்ணே, நாளைக்கு நம் கதியும் இதுதானே என்று உணர்ந்து, இதே வாசலில் வந்து நின்றாளாம். தோட்டம் முழுக்கப் பாசி. உதிர்ந்த இலைகளைப் பெருக்கித் தள்ளாமல் பாசியின்மேல் கிடக்க விடுகிறார்கள். மரத்தில் இலை இருக்கும்போதைவிட டிசம்பர் முதல் வாரத்தில் இங்கே அழகு அதிகம் என்று சொல்வது இதனால்தான்.

கியோஜி தாண்டியதும் சாகா-தோரிமோதோ தெரு. கூரை வேய்ந்த பழைய வீடுகள், பாதுகாக்கப்பட்ட வட்டாரம். தெருவின் நடுவே அதாஷினோ நெம்புட்சுஜி. பழங்காலத்தில் ஊரின் பிணங்களைக் கொண்டுவந்து விட்ட பகுதி இது. உரிமை கோர ஆளில்லாத கல்லறைக் கற்கள், சிறு புத்தர் உருவங்கள் என்று சுமார் 8,000 கற்களை ஒரே இடத்தில் திரட்டி வைத்திருக்கிறார்கள். தெருவின் முடிவில் ஒதாகி நெம்புட்சுஜி. அங்கே 1,200 அருகர் (புத்தரின் சீடர்களான ஞானிகள்) சிலைகள். பார்த்தால் பல நூற்றாண்டு பழையவை போலப் பாசி படர்ந்திருக்கும். ஆனால் 1981 முதல் பத்தாண்டுகளில் சாதாரண மக்கள் வந்து செதுக்கியவை. சிற்பியும் பூசகருமான நிஷிமுரா கோச்சோ கற்றுக்கொடுத்தார். ஒரு சிலை சிரிக்கும், ஒன்று கோப்பையை உயர்த்தும், ஒன்றின் கையில் டென்னிஸ் மட்டை.

ஒதாகி வரை பஸ்ஸில் ஏறிப்போய், அங்கிருந்து கீழ்நோக்கி நடப்பது கால்களுக்கு நல்லது. பஸ் அடிக்கடி கிடையாது. நேரம் பார்த்துவிட்டுப் போங்கள்.

இந்தியாவோடு தொடர்புள்ள இடம் ஏதாவது இருக்கிறதா?

திரும்பும் வழியில் செய்ர்யோஜி. இந்த வட்டாரமான சாகாவின் சாக்கிய மண்டபம் என்று ஊர்க்காரர்கள் அழைக்கும் கோயில். இங்குள்ள புத்தர் சிலை, இந்திய அரசனான உதயண மன்னன் புத்தர் உயிரோடிருந்தபோதே செய்வித்ததாகச் சொல்லப்படும் உருவத்தின் வழிவந்த பிரதி. சீனத்தில் 985இல் செதுக்குவித்து ஜப்பானுக்குக் கொண்டுவந்தவர் சோனென் என்ற துறவி. அலையலையான ஆடை மடிப்பையும் கயிறு சுற்றியது போன்ற தலைமுடியையும் பாருங்கள், மற்ற ஜப்பானியப் புத்தர்களோடு ஒட்டாது. 1950களில் ஆராய்ந்தபோது சிலையின் வயிற்றுக்குள் பட்டுத்துணியால் செய்த இதயம், குடல் முதலிய உள்ளுறுப்புகளின் மாதிரிகள் கிடைத்தன. சிலை எப்போதும் திறந்திருக்காது, வாய்த்தால் பார்த்துவிடுங்கள்.

டொரோக்கோ ரயிலா, படகா?

டொரோக்கோ என்பது சாகானோ ரொமான்டிக் ரயில். 1989இல் ஜேஆர் தன் பாதையைச் சுரங்கங்கள் வழியே நேராக்கியபோது ஆற்றை ஒட்டிய பழைய தண்டவாளம் கைவிடப்பட்டது. 1991இல் அதையே சுற்றுலா ரயிலாக்கினார்கள். ஒரு சில ஊழியர்களே புதரை வெட்டி, பாதை நெடுகச் செர்ரியும் மேப்பிளும் நட்டார்கள். இன்று நீங்கள் ஜன்னலில் பார்க்கும் சிவப்பில் பெரும்பங்கு அவர்கள் நட்டது. 7.3 கிலோமீட்டர், சுமார் 25 நிமிடம். டிக்கெட் ஒரு மாதம் முன்பு விற்பனைக்கு வரும். நவம்பர் கடைசி வார டிக்கெட் வேகமாகத் தீர்ந்துவிடும்.

படகு மேலே உள்ள கமெயோகா ஊரிலிருந்து, இதே ஆற்றின் மேல்பகுதியான ஹோசு ஆற்றில் 16 கிலோமீட்டர் இறங்கி வரும், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 1606இல் வணிகர் சுமினோகுரா ரியோய் பாறைகளை உடைத்து இந்த வழியைத் திறந்தார். மரமும் நெல்லும் அடுப்புக்கரியும் தலைநகருக்கு இதில்தான் வந்தன. விலை ரயிலைப்போலப் பல மடங்கு.

என் கருத்தில் படகு. ரயிலில் ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் பார்ப்பது எதிரில் இருப்பவரின் தொப்பியைத்தான். படகில் பள்ளத்தாக்கு தலைக்குமேல் எழுகிறது. டொரோக்கோ கிடைக்கவில்லை என்று கவலைப்படாமல், சாதாரண ஜேஆர் ரயிலில் கமெயோகா போனால் படகுத்துறை நடந்துபோகும் தூரம்தான். கடுங்குளிருக்குக் கம்பளியும் கையுறையும் அவசியம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

இந்த வட்டாரம் சாகா தோஃபுவுக்குப் பெயர்போனது. கொம்பு என்ற கடற்பாசி போட்ட வெந்நீரில் தோஃபுவைக் கொதிக்கவிட்டுப் பரிமாறும் யுதோஃபு எல்லாக் கடைகளிலும் உண்டு. எச்சரிக்கை: தோஃபு சைவம், தொட்டுக்கொள்ளும் சோயா சாற்றில் பெரும்பாலும் கட்சுவோ என்ற மீன் சாறு இருக்கும். மிசோ சூப், சோபா நூடுல்ஸ் குழம்பு இரண்டுக்கும் இதே கதை. "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் சொல்வதில் மீன் அடங்காது. கட்சுவோ தாஷி (அந்த மீன் சாறு) உண்டா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

முழுச் சைவம் வேண்டுமென்றால் ஷோஜின் ர்யோரி எனப்படும் மடத்துச் சாப்பாடு. மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட மரபுப்படி கிடையாது. டென்ரியூஜி வளாகத்துக்குள் இருக்கும் ஷிகெட்சுவில் முன்பதிவு செய்து சாப்பிடலாம். காரம் எதிர்பார்க்காதீர்கள். நடக்கும்போது கொறிக்க வராபி மோச்சி நல்லது. வறுத்த சோயா மாவு தூவிய, வாயில் வழுக்கும் இனிப்பு.

வயதான அப்பா அம்மாவோடு போகலாமா? குழந்தைகளோடு?

போகலாம், திட்டத்தைச் சுருக்குங்கள். ஆற்றங்கரை, டென்ரியூஜி தோட்டத்தின் குளக்கரை, நிசோன்-இன் பாதை இவை எளிது. ஜோஜக்கோஜியும் ஒகோச்சி சான்சோவும் படியேற்றம். பாலத்தருகே கைரிக்‌ஷாக்கள் நிற்கும். விலை அதிகம்தான், இழுப்பவர்கள் சந்து பொந்தெல்லாம் அறிந்தவர்கள். குழந்தைகளுக்குத் தென்கரையில் இவாதயாமா குரங்குப் பூங்கா. இருபது நிமிட மலையேற்றம். உச்சியில் குரங்குகள் வெளியே சுற்றும். தீனி கொடுக்க மனிதர்கள்தான் கம்பி போட்ட அறைக்குள் போக வேண்டும்.

என்ன உடுத்துவது? மழை வந்தால்?

காலையில் ஏழெட்டு டிகிரி, மதியம் பதினைந்து வாக்கில். ஒரே தடிமனான கோட்டைவிட, கழற்றி மாட்டும்படி இரண்டு மூன்று அடுக்கு நல்லது. கோயில் கட்டடங்களுக்குள் ஷூ கழற்ற வேண்டும், மரத்தரை ஐஸாக இருக்கும். கெட்டியான சாக்ஸ் அணியுங்கள்.

மழைக்கு வருந்த வேண்டாம். நனைந்த மேப்பிளும் நனைந்த பாசியும் வெயிலில் இருப்பதைவிட அடர்ந்த நிறம் காட்டும். ஈர இலை மூடிய கல்படி மட்டும் வழுக்கும்.

போட்டோ எடுக்கக் கட்டுப்பாடு உண்டா?

பல கோயில்களில் முக்காலி கூடாது, சில மண்டபங்களுக்குள் கேமராவே கூடாது. கிளையை வளைப்பது, இலை உதிர மரத்தை உலுக்குவது, படத்துக்காகப் பாசியில் கால் வைப்பது மூன்றும் வேண்டாம். பாசி மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும்.

இரவில் விளக்கொளியில் பார்க்கலாமா?

ஹோகொன்-இன் பல ஆண்டுகளாக இலை சீசனில் இரவுத் திறப்பு நடத்தியிருக்கிறது; அந்த ஆண்டு உண்டா என்று பாருங்கள். இரவுக் காட்சிதான் நோக்கம் என்றால் நகரின் கிழக்குப் பக்கம், எய்கான்டோ, கோடாய்ஜி கோயில்கள், இதைவிட விரிவானவை.

அராஷியாமாவிலேயே தங்கலாமா?

பணம் இருந்தால் தங்குங்கள். காலை ஆறரைக்கு ஆற்றங்கரை உங்களுக்கே. இல்லாதவர்கள் கியோட்டோ ஸ்டேஷன் அருகிலோ, சாகானோ லைனில் நிஜோ அருகிலோ தங்கினால் போதும். 2026 மார்ச் முதல் கியோட்டோவின் தங்கும் வரி உயர்ந்திருக்கிறது: ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு, அறை விலையைப் பொறுத்து 200 யென் முதல் 10,000 யென் வரை. அறை முன்பதிவுத் தளம் காட்டும் தொகையில் இது சேராமல் இருக்கலாம். பெரிய பெட்டியை ஹோட்டலிலோ லாக்கரிலோ விட்டுவிட்டு வாருங்கள்.

விசா?

இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் விசா வேண்டும். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் ஒருமுறை நுழைவுக்கான மின்விசா உண்டு. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டும் மலேசிய மின்னணுக் கடவுச்சீட்டும் உள்ளவர்கள் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் போகலாம்.

கையில் எவ்வளவு ரொக்கம் வேண்டும்?

சிறு கோயில்களில் கார்டு செல்லாது. ஒவ்வொன்றிலும் 300 முதல் 500 யென் போல ஆகும். ஐந்தாறு கோயிலுக்கு நாணயமும் 1,000 யென் தாள்களுமாக ஒரு 4,000 யென் வைத்துக்கொண்டால் தட்டுப்பாடு வராது.

அதே நாளில் வேறு இடத்தையும் சேர்க்கலாமா?

நாரா வேண்டாம், அதற்குத் தனி நாள் கொடுங்கள். கிங்காகுஜியின் தங்க மண்டபம் வரைபடத்தில் பக்கம்தான், ஆனால் சீசன் பிற்பகலில் போகும் வழி நெரிசலில் எரிச்சல் மிஞ்சும். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் ஃபுஷிமி இனாரி ஆலயம். கட்டணமும் இல்லை, மூடும் நேரமும் இல்லை, இருட்டிய பிறகும் சிவப்பு வாயில்களின் கீழ் நடக்கலாம். சாகா-அராஷியாமாவிலிருந்து கியோட்டோ ஸ்டேஷன் வந்து, நாரா லைனில் இரண்டாவது ஸ்டேஷனான இனாரியில் இறங்க வேண்டும். விரைவு ரயில்கள் அங்கே நிற்காது. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் லோக்கல் ரயிலைப் பார்த்து ஏறுங்கள்.